கத்தியும் ஏடும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு "கல்வியும் முன்னேற்றமும்" என்பது. இத்தலைப்பில் பேசுவதற்கு இம்மேடையில் நம்மினும் வல்லவர் பலர் உளர். ஆகவே தலைவர் அவர்களிடம் இசைவு பெற்று, அதனைச் சற்றே சுருக்கிக்கொண்டோம். நாம் இன்று எருதின் தோளைப் பற்றிப் பேசப்போகிறோம். தோலுக்கு அடியில், உடலின் மேலடுக்கில், முதுகையும் தோளையும் போர்த்தி நிற்கும் தசைகளைப் பற்றியும், அவற்றை அறுத்துப் பார்க்கும் முறையைப் பற்றியும் பேசப்போகிறோம். அரங்கில் சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

காரணம் இதுதான். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் படித்த மாணவி ஒருத்திக்குக் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. வீட்டில் மகிழ்ச்சி பொங்கியிருக்க வேண்டும், பொங்கவில்லை. அப்பெண்ணின் பாட்டனார் நம்மிடம் வந்து கேட்டார்: "எங்கப்பன் செத்த மாட்டை இழுத்தான். நான் இழுக்கமாட்டேன்னு சொல்லி அடிபட்டு ஊரை விட்டு வந்தேன். பேத்தியைப் படிக்க வைத்தது மறுபடியும் அவள் செத்த மாட்டைத் தொடுறதுக்கா, சார்?"

இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் ஒதுக்கவில்லை. ஏனெனில், அப்பெரியவர் கூறியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஊரில் மாடு இறந்தால் அதனை இழுத்துச் செல்வது நம்மவர் கடமை என்று விதித்தவர்கள் கூலி என ஒன்றும் தந்ததில்லை. தோலும் இறைச்சியுமே கூலி என்றனர். அத்தோலையும் பதனிட்டு, கவலையில் நீர் இறைக்கும் சாலுக்குத் தோலாகவும், வண்டி மாட்டுக்கு வாராகவும், காலுக்குச் செருப்பாகவும் ஆக்கித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டனர். அந்தச் செருப்பைச் செய்து தந்தவன் அதே தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்றனர். இறந்த மாட்டை இழுப்பதும் அதன் இறைச்சியை உண்பதும் நம்மீது பூட்டப்பட்ட விலங்குகள் என்று உணர்ந்தே அண்ணல் அம்பேத்கர், 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் இறந்த மாட்டின் இறைச்சியை விட்டொழிக்குமாறு மக்களை வேண்டினார்.

அவை பழங்கதை என்று நினைப்போருக்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டைச் சொல்வோம். 2002 அக்டோபரில் அரியானா மாநிலம் ஜஜ்ஜார் மாவட்டத்தில், துலினா என்னும் இடத்தில், மாட்டைக் கொன்றதாகப் பழி சுமத்தி நம்மவர் ஐவரைக் கூட்டமாகக் கூடி அடித்துக் கொன்றனர். 2016 சூலையில் குசராத்தின் ஊனா வட்டத்தில், இறந்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த இளைஞர்களை வண்டியில் கட்டி வைத்து அடித்தனர். அதனைப் படமும் பிடித்தனர். அதன் பின்னர் அம்மாநிலத்து நம் மக்கள் இறந்த மாடுகளை அரசு அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டுவிட்டு, "இனி நாங்கள் தொடமாட்டோம்" என்றனர். ஆகவே, "தொடமாட்டேன்" என்பது நம் சமுதாயத்தின் வரலாற்றில் மதிப்புமிக்க ஒரு சொல். அப்பெரியவர் அச்சொல்லுக்காக அடிபட்டவர். அவருக்கு விடை சொல்வதென்றால் மேடைப் பேச்சு போதாது. கால்நடை மருத்துவக் கல்லூரியின் அறுவைக்கூடத்தில் நடப்பது என்ன என்பதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

நாம் வரலாறு படித்தவர், மருத்துவம் படித்தவரல்லர். ஆயினும் கால்நடை மருத்துவராயுள்ள நம் பழைய மாணவர் ஒருவரைத் துணைக்கொண்டு நூல்களைப் பார்த்தோம். அறுவைக்கூடத்திற்கும் சென்று கண்டோம். மூக்கையும் கண்ணையும் எரிக்கும் ஃபார்மலின் நெடியே முதலில் வரவேற்கிறது. மாட்டின் உயிர் நீங்கியதும் கழுத்துத் தமனியின் வழியே ஃபார்மலின் கலந்த நீரைச் செலுத்திவிடுவதால் உடல் அழுகுவதில்லை. மாதக்கணக்கில் வைத்துப் படிக்கலாம். உடலை மேசையில் பக்கவாட்டில் கிடத்துவதும் உண்டு. இரும்புச் சட்டத்தில் கொக்கியிட்டு, உயிரோடு நிற்பது போலவே தொங்கவிடுவதும் உண்டு. தோளைப் படிப்பதற்கு நிற்கும் நிலையே நன்று. தசைகள் தம் இயல்பான இடத்தில் இயல்பான சாய்வோடு இருப்பதை அப்போதுதான் காண முடியும்.

முதல் வேலை தோலை நீக்குவது. முதுகின் நடுக்கோட்டில் ஒரு கீறல். அதிலிருந்து முழங்கையை நோக்கி ஒரு கீறல். விலாவின் பின்புறம் மற்றொன்று. பின்னர்த் தோலின் மூலையை இடுக்கியால் பற்றி இழுத்து, கத்தியை மெல்ல ஓட்டித் தோலை மடலாகத் திருப்புகின்றனர். "இதைத்தானே எங்கள் பாட்டன் செய்தான்" என்பீர்கள். ஆம், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் உரை முழுவதும் அந்த வேறுபாட்டின்மீதே நிற்கிறது.

தோல் உரிப்பவனுக்கு வேண்டியது தோல். தோலில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் சந்தையில் விலை குறைந்துவிடும். ஆகவே அவன் கத்தியின் வாயைத் தோலுக்கு எதிர்ப்புறமாக, உடலை நோக்கித் திருப்பிப் பிடிப்பான். கைதேர்ந்தவன் தோல் சற்று விட்டுக்கொடுக்கத் தொடங்கியதும் கத்தியையே கீழே வைத்துவிட்டு, முட்டியை மடக்கித் தோலுக்கும் உடலுக்கும் இடையே செலுத்தித் தள்ளிப் பிரிப்பான். உடலறிவு கற்கும் மாணவனுக்கோ வேண்டியது தசை. தோல் கிழிந்தால் அவனுக்குக் கவலை இல்லை. ஆகவே அவன் கத்தியின் வாயைத் தோலை நோக்கித் திருப்பிப் பிடிக்கிறான். இருவரும் அறுப்பது ஒரே கோட்டில்தான். கத்தியின் வாய்தான் வெவ்வேறு பக்கம் பார்க்கிறது.

அந்த ஒரே கோட்டில் மிக மெல்லிய தசை ஒன்று கிடக்கிறது. விலாப்புறத்தையும் வயிற்றின் பக்கத்தையும் ஒரு துணி போல மூடி, தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இதனைக் கியூட்டேனியஸ் ட்ரங்கை, அதாவது உடற்பகுதியின் தோல்தசை, என்கின்றனர். இது எந்த எலும்பையும் அசைப்பதற்காக அமைந்ததன்று. மாட்டின் முதுகில் ஈ உட்கார்ந்ததும் அவ்விடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து நடுங்குவதைச் சிறுவயதில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வால் எட்டாத இடத்திலும் ஈயை விரட்டுவது இத்தசையே. மனிதனுக்கு முதுகில் இத்தகைய தசை இல்லை. பெரும்பாலும் கழுத்திலும் முகத்திலுமே தோலை அசைக்கும் மெல்லிய தசைகள் எஞ்சியிருக்கின்றன. மாணவன் கவனமின்றிக் கத்தியை ஓட்டினால் இத்துணித்தசை தோலோடு போய்விடும். அன்றைய பாடம் கெட்டது. தோல் உரிப்பவன் கவனமின்றி ஓட்டினால் இதன் துணுக்குகள் தோலிலேயே தங்கிவிடும். பின்னர்ச் சுண்ணாம்பில் ஊறவைத்த தோலின் உட்புறத்தை வழிக்கும்போது வேலை இரட்டிக்கும். ஆக, இருவருமே இத்தசையை உடலோடு விட்டுவிடவே விரும்புகின்றனர்! பெயர் தெரியாமலே நம் பாட்டன் இதனை நன்கு அறிந்திருந்தான்.

தோல்தசையைப் படித்து முடித்து நீக்கியதும் உண்மையான மேலடுக்கு வெளிப்படுகிறது. பிடரியிலிருந்து முதுகின் நடுப்பகுதி வரை நீண்டு கிடக்கும் அகலமான தசைத் தகடு ஒன்று முதலில் கண்ணில் படும். அதன் முன்பகுதியின் இழைகள் கீழ்நோக்கிப் பின்னே சாய்கின்றன. பின்பகுதியின் இழைகள் கீழ்நோக்கி முன்னே சாய்கின்றன. இரண்டும் தோள்பட்டை எலும்பின் நடுவே நிமிர்ந்து நிற்கும் முகட்டில் வந்து குவிகின்றன. இதுவே ட்ரெப்பீசியஸ். அதற்குப் பின்னே, முதுகின் வெண்ணிறச் சவ்விலிருந்து விசிறி போல எழுந்து, முன்னும் கீழுமாகக் குறுகி, முன்னங்காலின் மேலெலும்பில் உட்புறமாகச் சென்று பற்றுவது லாட்டிசிமஸ் டார்சை. எருது குளம்பை மண்ணில் ஊன்றிய பிறகு இத்தசை சுருங்கினால் கால் பின்னே போக முடியாது. ஆதலால் உடல் முன்னே போகிறது. ஏர் நகர்வதில் இதற்கும் பங்கு உண்டு. இதற்கு எதிராக, தலையிலிருந்தும் கழுத்திலிருந்தும் இறங்கி வந்து காலை முன்னே இழுப்பது பிரேக்கியோசெபாலிகஸ். தோளின் முனையில் முக்கோணமாகக் கிடப்பது டெல்டாய்டு. நெஞ்சின் அடியில் அலைதாடிக்குப் பின்னே தடித்துக் கிடப்பவை பெக்டோரல் தசைகள்.

இளைஞர்களே, இப்பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். இவற்றில் மறைபொருள் ஒன்றும் இல்லை. ட்ரெப்பீசியஸ் என்பது கிரேக்கத்தில் சிறுமேசை என்னும் சொல்லிலிருந்து வந்தது. வடிவத்தால் வந்த பெயர். லாட்டிசிமஸ் என்றால் இலத்தீனில் மிக அகன்றது. டெல்டாய்டு என்பது டெல்டா என்னும் முக்கோண எழுத்தைப் போன்றது. செர்ராட்டஸ் என்றால் அரம்பப் பற்களை உடையது. மேசை, அகலம், முக்கோணம், அரம்பம்! நம் தெருவில் தோல் அறுப்பவர் எவரும் இட்டிருக்கக் கூடிய பெயர்களே இவை. இலத்தீன் அறிந்தவன் இட்டான் என்பதால் அவை நூலில் ஏறின. நம்மவன் இட்ட பெயர்கள் வாயோடு போயின.

ட்ரெப்பீசியசை அறுத்து மேலே திருப்பினால் நம் நாட்டு மாட்டில் ஒரு புதுமை தென்படும். ராம்பாய்டியஸ் என்னும் தசை, கொழுப்போடு சேர்ந்து பருத்து மேலெழுந்து நிற்கிறது. அதுதான் திமில். ஏறு தழுவுவோர் பற்றித் தொங்குவது எலும்பையன்று, இத்தசையைத்தான். நுகத்தடி தங்குவதும் இதற்கு முன்னேதான். ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் இல்லை. எனவே அங்கு எழுதப்பட்ட நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு நம் மாட்டைப் படித்தவர்கள் இவ்விடத்தில் இடர்ப்பட்டிருக்க வேண்டும். டி. ராகவன் எழுதிய எருதின் உடலமைப்பு நூலை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1964-இல் வெளியிட்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியோ 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1905-இல் வேப்பேரிக்கு வந்துவிட்டது. நம் வாசலில் நிற்கும் மாட்டைப் பற்றி நாமே எழுத எத்துணைக் காலம் ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, தோளின் உள்ளடுக்கு ஒன்றையும் சொல்லாமல் மேலடுக்கை முடிக்க முடியாது. மனிதனுக்குக் காறை எலும்பு உண்டு. தோளை அது மார்பெலும்போடு பிணைக்கிறது. மாட்டுக்கு அவ்வெலும்பு இல்லை. முன்னங்காலுக்கும் உடலுக்கும் இடையே எலும்பு மூட்டு ஒன்றுகூட இல்லை. பின் உடலின் பாரத்தை முன்னங்கால்கள் எவ்வாறு தாங்குகின்றன? தோள்பட்டை எலும்பைச் சற்று விலக்கிப் பார்த்தால், கழுத்தெலும்புகளிலிருந்தும் விலா எலும்புகளிலிருந்தும் அரம்பப் பற்கள் போல எழுந்து, தோள்பட்டையின் உட்புற மேல்விளிம்பில் சென்று பற்றும் பெருந்தசை ஒன்று தெரியும். அதுவே செர்ராட்டஸ் வென்ட்ராலிஸ். இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இவ்விரு தசைகளும், கீழே துணைநிற்கும் நெஞ்சுத் தசைகளோடு சேர்ந்து, மார்புக்கூட்டைத் தூளியில் இட்ட குழந்தை போல இரு கால்களுக்கும் இடையே தொங்கவிட்டிருக்கின்றன. நிற்கும் மாட்டின் உடற்பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அப்பாரம் முழுவதும் இத்தூளியில் தொங்குகிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியை ஏற்பதும் இதுவே.

இது நூலில் படித்தது. இதனை அப்பாட்டனாரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "முன்னங்கால் கத்தியாலேயே வந்துடும் சார், எலும்பில் கை வைக்கவே வேண்டாம், பின்னங்காலுக்குத்தான் கிண்ணத்தைத் திறக்கணும்" என்றார். கிண்ணம் என்று அவர் சொன்னது இடுப்பெலும்பில் தொடையெலும்பின் தலை பொருந்தியிருக்கும் குழியை. உடலறிவு நூலாரும் அதனைக் கிண்ணம் என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லாலேயே அழைக்கின்றனர் என்பதை அவர் அறியார்.

இவ்விடத்தில் நம் நண்பர்கள் சிலர் ஒரு படி மேலே தாவிவிடுகின்றனர். "நம் முன்னோரே உலகின் முதல் உடற்கூற்று அறிஞர்கள், நமக்குக் கல்லூரி எதைக் கற்பிக்கும்?" என்று மேடைகளில் முழங்குகின்றனர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆயினும் அது உண்மையன்று. முன்னங்கால் எலும்பின்றிக் கழன்று வரும் என்பதை நம்மவர் அறிந்திருந்தனர். ஏன் வருகிறது, அதனால் உயிருள்ள மாடு எவ்வாறு நிற்கிறது, நுகத்தடிப் புண் எந்தத் தசையைத் தின்கிறது, தோள் நரம்பு நசுங்கினால் மாடு ஏன் ஒரு பக்கமாக நொண்டுகிறது என்பவற்றைக் கேட்க அவர்களுக்கு நேரமும் தரப்படவில்லை, உயிருள்ள மாட்டைக் கையில் தருவாரும் இல்லை. மாடு உயிரோடு இருக்கும் வரை மற்றவருடையது. செத்த பிறகே நம்முடையது. செத்த மாட்டின் அறிவை உயிருள்ள மாட்டுக்குப் பயன்படுத்துவதற்குப் பெயர்தான் மருத்துவம். அவ்வாயில்தான் நமக்கு அடைக்கப்பட்டிருந்தது.

கையால் அறுப்பவன் ஒருவன், ஏட்டைப் படிப்பவன் மற்றொருவன் என்ற பிரிவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து பழைய நூலைப் படிப்பார். கீழே நாவிதர் ஒருவர் உடலை அறுப்பார். நூலில் உள்ளது உடலில் இல்லையென்றால் உடலில்தான் பிழை என்று முடிவு கட்டினர்! பதுவா நகரில் வெசாலியஸ் என்னும் இளம் பேராசிரியர் ஆசனத்தை விட்டு இறங்கிக் கத்தியைத் தம் கையில் எடுத்தார். பழைய ஆசிரியரான கேலன் குரங்கையும் மாட்டையும் பன்றியையும் அறுத்துக் கண்டவற்றை மனிதனுக்கு ஏற்றிச் சொல்லியிருந்தார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. வெசாலியசின் நூல் 1543-இல் வெளிவந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஒருவர் உண்டு. சார்ச்சு இசுடப்சு என்னும் ஆங்கில ஓவியர். 1724-இல் லிவர்பூல் நகரில் பிறந்தவர். அவர் தந்தை பதனிட்ட தோலை மெருகிட்டுத் தரும் தொழிலாளி. மகனும் இளமையில் அத்தொழிலில் தந்தைக்குத் துணை நின்றவர். எந்தக் கல்லூரியிலும் அவர் பயின்றதில்லை. 1750-களின் பிற்பகுதியில் ஆர்க்சுடோ என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து, ஏறத்தாழ பதினெட்டு மாதம் குதிரைகளை அறுத்தறுத்து வரைந்தார். மேரி இசுபென்சர் என்னும் பெண்மணி அவருக்குத் துணையாக இருந்தார். கூரையிலிருந்து இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, குதிரையின் விலா எலும்புகளுக்கிடையே கொக்கிகளை மாட்டி, குளம்புகளைப் பலகையில் ஊன்றி, நடந்து செல்லும் நிலையில் அதனை நிறுத்தினார். முதலில் தோல், பிறகு தோல்தசை, பிறகு மேலடுக்குத் தசைகள், இறுதியில் எலும்புக்கூடு. ஒவ்வோர் அடுக்கையும் அளந்தார், வரைந்தார், குறிப்பெழுதினார், பின்னரே அடுத்ததைத் தொட்டார். ஃபார்மலின் அறியப்படாத காலம் அது. ஒரு குதிரையைப் பதினொரு வாரம் வைத்திருந்தாராம். அந்த நாற்றத்தை எண்ணிப் பாருங்கள்! பின்பு அப்படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தர ஆள் கிடைக்காமற் போகவே, செதுக்குவதையும் தாமே மேற்கொண்டார். பதினெட்டுப் படத்தகடுகளோடு குதிரையின் உடற்கூறு என்னும் அந்நூல் 1766-இல் வெளிவந்தது. பிரபுக்கள் தம் குதிரைகளை வரைந்து தருமாறு அவரை நாடினர்.

இசுடப்சின் நாட்டிலும் ஏழை பணக்காரன் வேறுபாடு உண்டு, அது கொடியதுதான். ஆயினும் தோலைத் தொட்ட கை தீண்டத்தகாத கை என்று அங்கு எவரும் சொல்லவில்லை. அதனால்தான் தோல் தொழிலாளியின் மகன் அறிந்ததும், ஓவியன் அறிந்ததும், உடற்கூறு அறிந்ததும் ஒரே மனிதரிடத்தில் ஒன்றுகூட முடிந்தது.

நம் நாட்டில் நடந்தது வேறு. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டித மதுசூதன் குப்தா மனித உடலைத் தம் கையால் அறுத்தார். பிணத்தைத் தொடுவது தீட்டு என்ற கட்டை அவர் உடைத்தது துணிச்சலான செயல். நாம் அதனைக் குறைத்துச் சொல்லமாட்டோம். பின்னாளில் அவர் உருவப்படத்தையே கல்லூரியில் வைத்துச் சிறப்பித்தனர். ஆனால் ஒரே ஒரு கேள்வி நம் உள்ளத்தில் எழுகிறது. உயர்ந்தவன் என்று சொல்லப்பட்டவன் ஒருநாள் பிணத்தைத் தொட்டால் அது வீரம். தாழ்ந்தவன் என்று சொல்லப்பட்டவன் நாள்தோறும் தொட்டால் அது இழிவு. தொடுதல் ஒன்றாகவே இருக்க, மதிப்பு மட்டும் ஏன் மாறிற்று?

மதிப்பு ஒருபுறம் இருக்கட்டும். உயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடைப்பான் என்னும் நோய் கண்ட மாடு திடீரென விழுந்து இறக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த குருதி வடியும். அம்மாட்டை அறுக்கவே கூடாது. தோலையும் உரிக்கக் கூடாது. அறுத்தால் உள்ளிருக்கும் நுண்ணுயிர் காற்றுப் பட்டு விதை போன்ற வடிவம் கொண்டு, மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். தொட்டவன் கையில் கரும்புண் தோன்றும். உரிய மருத்துவம் இல்லையேல் உயிருக்கே கேடு. கால்நடை மருத்துவர் காதிலிருந்து ஒரு துளி குருதி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, ஐயம் தீர்ந்த பிறகே கத்தியைத் தொடுவார். நம்மவருக்கு இதனைச் சொன்னவர் யார்? மாடு செத்தது என்று ஆள் அனுப்பினார்கள்; எதனால் செத்தது என்று சொல்லி அனுப்பினார்களா? ஊருக்கு ஊர், தோல் உரித்தவன் கையில் புண் வந்து செத்தான் என்றால் தெய்வக் குற்றம் என்றனர். எப்போது கத்தியைக் கீழே வைக்க வேண்டும் என்று தெரிவது, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிவதினும் பெரிய அறிவு. அது நமக்குக் கொடுக்கப்படவில்லை.

இவற்றையெல்லாம் அப்பாட்டனாரிடம் எடுத்துச் சொன்னோம். உம் தந்தையை அழைத்தவர்கள் அவர் மறுக்க முடியாது என்பதால் அழைத்தார்கள். உம் பேத்தி செல்வதோ, அவளே விண்ணப்பித்து, மதிப்பெண் பெற்று, விரும்பிச் செல்வது. நாளை மாடு ஈன முடியாமல் தவிக்கும் நள்ளிரவில் அதே ஊர்க்காரர் அவள் வாசலில் வந்து நின்று, "அம்மா" என்று அழைப்பார். செல்வதற்கு முன் அவள் தன் கட்டணத்தையும் சொல்வாள். பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளையும் அறுக்குமா?" என்று கேட்டார். எல்லாரும் அறுத்தே ஆக வேண்டும், அறுக்காதவருக்குத் தேர்ச்சி இல்லை என்றோம். தேர்வில் தசையின் மேல் சிறு கொடி குத்தி வைத்திருப்பார்கள், அதன் பெயரை யார் பிள்ளையானாலும் எழுதியே தீர வேண்டும் என்றோம். "அப்படியென்றால் போகட்டும்" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். அங்கு யாராவது, உனக்கு இது குலத்தொழில்தானே, எளிதாக வரும் என்று நகைத்தால், அவள் அதனைப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே வீட்டுக்கு எழுத வேண்டும் என்றார். அந்நிபந்தனை சரியானதே. அவ்வாறு எழுதும் மடல் வீட்டுக்கு மட்டுமன்று, சங்கத்துக்கும் வர வேண்டும் என்று நாமும் சேர்த்துக்கொண்டோம். விடுதிகளிலும் வகுப்புகளிலும் அத்தகைய நகைப்பு எவ்வளவு ஆழமாகக் குத்தும் என்பதைப் படித்து வந்த நம் பிள்ளைகளில் பலர் அறிவர். தனியே தாங்கிக்கொள்ளச் சொல்வது அறிவுரை ஆகாது.

சங்கத்தின் செயற்குழு இப்பொருட்டு மூன்று முடிவுகளை எடுத்துள்ளது. அம்மாணவிக்கு வெள்ளை மேலங்கி, அறுவைக் கருவிப் பெட்டி, முதலாண்டுப் பாடநூல்கள் ஆகியவற்றைச் சங்கமே வாங்கித் தரும். அறிவியல் படிக்கும் மேனிலை மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டும். மூன்றாவது, பெரியவர்களாகிய உங்கள் துணையின்றி நடவாதது. எருதின் மேலடுக்குத் தசைகளைக் காட்டும் பெரிய படம் ஒன்றை நம் நூலக அறையில் மாட்டவிருக்கிறோம். அதன் அருகே கோடிட்ட நோட்டு ஒன்று தொங்கும். கிண்ணம் என்றது போல, உடலின் ஒவ்வோர் இடத்துக்கும், ஒவ்வொரு சவ்வுக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் நீங்கள் வழங்கிய பெயர்கள் இருக்கும். அவற்றைச் சொல்லுங்கள்; நம் மாணவர்கள் எழுதிக்கொள்வர். எந்த ஊர் வழக்கு, யார் சொன்னது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். நூலகம் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணி முதல் திறந்திருக்கும். முதல் பக்கத்தில் அப்பாட்டனார் சொன்ன ஏழு சொற்கள் ஏற்கெனவே ஏறிவிட்டன.